கால்விரல் மறைந்த பிறகு

நீச்சல் குளத்தோரம் போடும் இருக்கைக்குச் சாய்மானம் இருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். சாய்ந்து உட்கார்ந்தவர் ஒரு நொடி கண்ணை மூடிவிடுவார். அந்த நொடியில் தண்ணீரில் ஒரு முழங்கால் மடங்கி நிமிர்ந்திருக்கும். அவருக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் என் வகுப்புகளுக்கு முக்காலிகள்தான் போடுவேன். இங்கே எனக்கு நீங்கள் கொடுத்திருப்பதும் முக்காலிதான். பழக்கமானது.

யுவஸ்ரீ இறந்ததை விபத்து என்று முடிக்கப்போவதாகக் கல்லூரியில் பேசிக்கொண்டார்கள். அதனால் நானாகவே வந்தேன். அது விபத்து இல்லை. போன ஆடியில் என் மனைவி தனப்பிரியா அதே குளத்தில் இறந்தபோதும் விபத்து என்றுதான் எழுதினார்கள். நீங்கள் அல்ல, உங்களுக்கு முன்பு இந்த ஸ்டேஷனில் இருந்தவர். அந்த வார்த்தையை எழுதிவிட்டால் பிறகு யாரும் எதையும் கேட்பதில்லை. எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அதற்குப் பதில் தெரிந்துகொள்ளத்தான் யுவஸ்ரீயைத் தண்ணீருக்கு அடியில் விட்டேன். வரிசையாகச் சொல்கிறேன்.

நான் உடற்கல்வியில் மேற்படிப்பு முடித்தவன். ராசிபுரம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நீச்சல் குளம் என் பொறுப்பு. ஒத்திசைவு நீச்சல் என்று ஒரு போட்டி உண்டு. பாட்டுக்கேற்பத் தண்ணீரில் ஆடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கலை நீச்சல் என்று பெயரை மாற்றிவிட்டார்கள், எங்களுக்கு இன்னும் சிங்க்ரோதான். ஓட்டப்பந்தயத்தில் முதலில் வருபவர் ஜெயிப்பார். இதில் அப்படி இல்லை. யார் ஜெயித்தார் என்பது கரையில் உட்கார்ந்திருக்கும் நடுவர்களின் கண்ணில் இருக்கிறது. அந்தக் கண்ணைத் தயார் செய்வதும் தேறியவரைத் தேறியவர் என்று சொல்வதும் என் வேலை.

பயிற்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் பள்ளி விளையாட்டு ஆசிரியர்கள். கபடிக்கும் கோகோவுக்கும் விசில் ஊதிப் பழகியவர்கள். என்னிடம் தேறினால் வெளி மாநிலப் போட்டிகளுக்கு நடுவராகப் போகலாம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை, ரயில் பயணம். அந்த ஆசையில்தான் வருவார்கள், அதில் தவறில்லை. முதலில் அவர்களைச் சும்மா இருக்கப் பழக்குவேன். கபடி நடுவர் கத்த வேண்டும். சிங்க்ரோ நடுவர் முகம் சுளிக்கக் கூடாது, பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. தலைமை நடுவர் விசில் கொடுக்காமல் எதுவும் நிற்காது. என் வகுப்பில் தலைமை நடுவர் நான்.

தேர்வுக்கு நான் வைப்பது ஒரே ஒரு வடிவம். நீந்துபவர் தண்ணீரில் தலைகீழாக நிற்பார். இரண்டு கால்களும் ஒட்டியபடி செங்குத்தாக வெளியே தெரியும். அடியில் கைகள் மட்டும் அலைந்துகொண்டிருக்கும். பிறகு கால்கள் சாயாமல் ஆடாமல் மெதுவாக இறங்கும். முழங்கால், கணுக்கால், கடைசியில் கட்டைவிரல்கள். கட்டைவிரல் மறைந்ததும் வடிவம் முடிந்தது. அதற்குப் பிறகு நடப்பது மதிப்பெண்ணில் சேராது. உடனே நடுவர்கள் கண்ணைத் தாழ்த்த வேண்டும். மடியில் இருக்கும் எண் அட்டைகளைப் புரட்டி, சரியானதை எடுத்து, என் பக்கம் தூக்கிக் காட்ட வேண்டும். நான் இறக்கு என்னும் வரை இறக்கக் கூடாது. மேலே வருபவரின் முகத்தைப் பார்க்கவே கூடாது. மூச்சு வாங்கும் முகத்தைப் பார்த்தால் மனசு இளகும், மார்க் கூடிவிடும்.

இந்தக் கண்ணைத் தாழ்த்தும் பழக்கம் விதிப்புத்தகத்தில் இல்லை. நான் ஏற்படுத்தியது. என் ஆட்களின் மார்க் மட்டும் எப்படி ஒத்துப்போகிறது என்று நீச்சல் சங்கத்தில் ஆச்சரியப்பட்டார்கள்.

தனப்பிரியா என்னோடு படித்தவள். வெண்ணந்தூர் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் நீந்தக் கற்றவள், கல்லூரிக்கு வந்த பிறகுதான் நீலத் தண்ணீரைப் பார்த்தாள். என் வகுப்புகளுக்கு நீந்திக் காட்டுவது அவள்தான். வீட்டில் நான் குழம்புக்கும் மார்க் போடுவேன். "ஏழே காலா? ஏனுங்க மாமா, உப்பு கொறஞ்சதுக்குக் கழிச்சீங்களா, இல்ல நான் தட்ட டொக்குனு வெச்சதுக்குக் கழிச்சீங்களா?" என்பாள். இரண்டுக்கும்தான் கழித்திருப்பேன். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது ஆடி அது.

அன்று ஐந்து பேர் தேர்வுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஐவரின் மார்க்கும் அரை மார்க்குக்குள் அடங்கினால் தேர்ச்சி. அடங்கவேயில்லை. மேச்சேரிப் பள்ளி ஆசிரியர் நவநீதகிருஷ்ணன் ஆறு காட்டினால் அவருக்கு அடுத்தவர் எட்டு காட்டினார். தனப்பிரியாவை மறுபடி மறுபடி இறங்கச் சொன்னேன். முதலில் சிரித்தாள். "இவங்க கண்ணு தெளியறதுக்குள்ள எனக்குக் காலு ரெண்டும் களண்டு போயிருமுங்க" என்றாள். பிறகு சிரிக்கவில்லை. குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தன தடவைங்க?" என்று கேட்டாள். ஒரே தடவை என்றேன்.

அந்தக் கடைசி இறக்கம்போல் நான் பார்த்ததில்லை. தண்ணீரில் ஒரு வளையம்கூட விழவில்லை. கட்டைவிரல்கள் மறைந்தன. அட்டைகள் உயர்ந்தன. ஐந்திலும் எட்டரை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துத் தலையசைத்தேன். அவளிடம் சொல்லத் திரும்பினேன். அவள் மேலே வந்திருக்கவில்லை.

மூச்சை அடக்கி அடக்கி ஓய்வில்லாமல் இறங்கினால் மூளை சொல்லாமல் அணைந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். தத்தளிப்பு இருக்காது, கை காலை உதற மாட்டார்கள். இறங்கும்போதே அணைந்திருக்கலாம் என்றார். அந்த அசையாமைக்குத்தான் எட்டரை கிடைத்தது என்று நினைக்கிறேன். ஐவரும் தேறியவர்கள் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவர்கள் தேறியது உண்மை.

எனக்கு அழுகை வரவில்லை. அதை வெண்ணந்தூரில் குறையாகச் சொன்னார்கள். மெஸ்ஸில் சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், குளோரின் அளவு பார்த்தேன். கருமாதியன்று மாமியார் என்னிடம் ஒன்று கேட்டார். "அஞ்சு பேரு குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தாங்களே மாப்ள, ஒருத்தருக்குமா எந்திரிக்கத் தோணாமப் போச்சு?" யாருக்கும் தோன்றவில்லைங்க என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. ஆனால் கேள்வி என்னோடு வந்துவிட்டது. பல் விளக்கும்போது இருக்கும், பஸ்ஸில் இருக்கும்.

யோசித்துப் பார்த்தால் இரண்டு பதில்கள்தான். அந்த ஐந்து பேர் மட்டும் அப்படி என்றால் தப்பு அவர்களுடையது. அந்த முக்காலியில் யார் உட்கார்ந்தாலும் எழ மாட்டார்கள் என்றால் யார் மேலும் தப்பில்லை, நடந்தது நடந்தே தீர்ந்திருக்கும். எது என்று தெரிய வேண்டும். புதிய ஆட்களை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பரிசோதனை என்றால் எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும், ஆட்கள் மட்டும் மாற வேண்டும். மேற்படிப்பில் ஆராய்ச்சி முறை என்று ஒரு பாடமே எங்களுக்கு இருந்தது.

முதலில் ஒரு பொம்மையை இறக்கலாமா என்று பார்த்தேன். பொம்மைக்காக யாரும் எழ மாட்டார்கள், எதுவும் நிரூபணமாகாது. நானே இறங்கலாமா என்றும் நினைத்தேன். நான் இறங்கினால் தலைமை நடுவர் இடத்தில் யார் இருப்பார்? முறை கெட்டுவிடும். அதனால் யுவஸ்ரீ.

அவள் இரண்டாம் ஆண்டு பி.காம். தனப்பிரியாவிடம் நீச்சல் கற்றவள். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வர மாட்டார். அம்மா ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டுகிறார். தேசியப் போட்டிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை, போகக்கூடியவளும்தான். தண்ணீருக்கு அடியில் குரல் கேட்காது. குளத்தின் இரும்பு ஏணியில் கரண்டியால் தட்டினால் கேட்கும். சிங்க்ரோ பயிற்சியாளர்கள் தாளம் தட்டுவதே அப்படித்தான். மார்கழியிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தேன். விரல் மறைந்த பிறகு, நான் ஏணியில் தட்டும் வரை அடியிலேயே இருக்க வேண்டும்.

"எதுக்குங்க சார்?"

"நடுவர்கள் அட்டையைத் தூக்கிய பிறகு நீ வந்தால் போதும். உன் முகத்தைப் பார்த்து மார்க் மாறக் கூடாது."

"எம் மூஞ்சியப் பாத்தா கொறைப்பாங்களா, கூட்டுவாங்களா?" என்று கேட்டாள். கூட்டுவார்கள் என்றேன். "அப்ப பாக்கட்டுமுங்க" என்று சிரித்துவிட்டு இறங்கினாள். சொன்னதைச் செய்யும் பெண். ஒருநாள் மேலே வந்ததும், "அக்கா இருந்தா இதுக்கு எவ்ளோ போடுவாங்க சார்?" என்றாள். அக்கா மார்க் போட மாட்டாள், நீந்துவாள் என்றேன்.

பங்குனியில் புதிய ஆட்கள் வந்தார்கள். ஐந்து பேரை மட்டும் சேர்த்துக்கொண்டேன். அவர்களில் இரண்டு பேரைத்தான் நீங்கள் அதிகம் விசாரித்திருப்பீர்கள். செங்கோட்டையன் நாமக்கல் பக்கத்துக்காரர், பள்ளி விட்டால் கோழிப்பண்ணை. சென்னியம்மாள் வெண்ணந்தூர்ப் பள்ளியில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் ஆசிரியை. வடிவத்தை நான் விளக்கியதும் செங்கோட்டையன், "அதாவது ரிக்கு போர் போடறாப்புல நேரா எறங்கோணும், அவ்வளவுதானுங்களே?" என்றார்.

"ஆமாங்க, தண்ணி வந்தா உங்க தலையிலதான் பீச்சும்" என்றார் சென்னியம்மாள்.

"மார்க்குப் போடறது நமக்குப் புதுசா டீச்சர்? தெனமும் முட்டைய வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கறவன் நான். ஒரே பார்வை, நல்லதா கூமுட்டையான்னு சொல்லிப்போடுவேன்."

"அந்தக் கண்ணுலதான் போன வருசம் எங்க கபடிப் புள்ளைகளத் தோக்கடிச்சீங்களாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் நல்லவர்கள். அதுவும் பரிசோதனைக்கு அவசியம்.

முன்பு அந்தக் குளத்தில் நடந்தது அவர்களுக்குத் தெரியும். தெரிந்திருப்பது நல்லது என்று நினைத்தேன், எழுந்திருக்க அவர்களுக்கு அது ஒரு சலுகை. சென்னியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அதே கொளத்துல மறுக்காவும் நடத்தறீங்களே சாமி, உங்களுக்கு மனசு கேக்குதுங்களா?" என்றார். குளத்தின் மேல் தப்பில்லைங்க என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

தேர்வன்று காலை யுவஸ்ரீ ஒரு பை நிறைய கை முறுக்கு கொண்டுவந்தாள். ஆட்டையாம்பட்டியில் வேறு என்ன வாங்குவார்கள். "அம்மா எல்லாருக்கும் குடுத்துவுட்டாங்க" என்று நீட்டினாள்.

"நடுவருக்கே லஞ்சமா கண்ணு?" என்றார் செங்கோட்டையன்.

"லஞ்சமில்லீங்க சார், முறுக்கு. வேண்டாம்னா குடுங்க."

அவர் இரண்டை எடுத்துக்கொண்டார். தானும் ஒன்றை வாயில் வைக்கப்போன அவளிடம், "தண்ணிக்குள்ள போற நேரத்துல திங்காத சாமி, வந்து தின்னுக்க" என்று சொல்லிச் சென்னியம்மாள் பையை வாங்கித் தன் முக்காலிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

தேர்வைத் தொடங்கினேன். அட்டைகள் என் பக்கம் மட்டும் திரும்பியிருக்கும், ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. மார்க் ஒத்துப்போகவில்லை என்று சொல்லி அவளைத் திரும்பத் திரும்ப இறக்கினேன். உண்மையில் சீக்கிரமே ஒத்துப்போய்விட்டது. செங்கோட்டையனின் கண் நிஜமாகவே நல்ல கண். நடுவில் ஓய்வு கொடுக்கவில்லை. தனப்பிரியாவுக்கும் கொடுக்கவில்லை.

யுவஸ்ரீ விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "தல லேசா இருக்குதுங்க சார்" என்றாள். இதுதான் கடைசி என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். "அப்பச் சரிங்க சார்" என்று மூக்குக் கிளிப்பை அழுத்திக்கொண்டு போனாள்.

கால்கள் எழுந்து நின்றன. இறங்கின. கட்டைவிரல்கள் மறைந்தன. கண்கள் தாழ்ந்தன, அட்டைகள் உயர்ந்தன. கரண்டி என் கையில் இருந்தது. நான் தட்டவில்லை.

அவள் எழுந்து வந்துவிடுவாள் என்று நினைத்ததாக நான் சொல்லப்போவதில்லை. வக்கீல் அப்படிச் சொல்லச் சொல்லலாம். அவள் வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. முக்காலிகளில் இருந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் தூக்கிய கைகள் வலிக்கத் தொடங்கின. செங்கோட்டையனின் அட்டை லேசாக ஆடியது, மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். மதிலுக்கு வெளியே கோழி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எவ்வளவு நேரம் என்று நீங்கள் கேட்டீர்கள். அளக்கவில்லை. போதுமான நேரம்.

பிறகு இறக்குங்கள் என்றேன். ஐந்து பேரும் தேர்ச்சி என்றேன். அதற்கப்புறம்தான் நான் குதித்தேன். கரைக்குக் கொண்டுவந்து முதலுதவி செய்தேன், முறையாகவே செய்தேன், அதற்கும் நான் பயிற்சி பெற்றவன். செங்கோட்டையன் தன் காரில் சேலத்துக்குக் கொண்டுபோனார். மறுநாள் இறந்தாள். அவள் அம்மா பிணவறை வாசலில் என்னைப் பார்த்து, "நீங்க கூட இருக்கீங்கன்னுதானே சாமி நான் பயமில்லாம இருந்தேன்" என்றார். இருந்தேன்ம்மா என்றேன்.

செங்கோட்டையன் இதை விபத்து என்றே சொல்லியிருப்பார். என் மேல் இரக்கம். மனைவியை இழந்தவன், புத்தி பேதலித்திருப்பான் என்பார். பேதலிக்கவில்லை. இதையும் விபத்து என்று எழுதிவிட்டால் நான் செய்து பார்த்தது செல்லாமல் போய்விடும். மாமியாருக்கு நான் சொன்ன பதிலுக்கும் ஆதாரம் இல்லாமல் போய்விடும்.

சென்னியம்மாள் தான் எழுந்ததாக உங்களிடம் சொன்னார் என்கிறீர்கள். சரிதான். கைகள் வலிக்கத் தொடங்கியபோது அவர் அட்டையை மடியில் போட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். எழுந்தார். "புள்ள மேல வரலீங்களே சாமி" என்றார். "உக்காருங்க, எனக்குத் தெரியும்" என்றேன். ஒரு அடி எடுத்து வைத்தார். "உக்காருங்க டீச்சர்" என்றேன். உட்கார்ந்தார். மறுபடி அட்டையைத் தூக்கினார்.

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் இது பழையபடிதான். நவநீதகிருஷ்ணனும் அப்படித்தான். ஆடியில் எல்லோரும் அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பாதி எழுந்து, "அக்கா மேல வரலீங்க சார்" என்றார். "உக்காருங்க, அவள எனக்குத் தெரியும்" என்றேன். எனக்கு அந்த மார்க்குகள் வேண்டியிருந்தன. உட்கார்ந்து எட்டரை காட்டினார். கருமாதிக்கு வந்தவர் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ சொல்ல வாயெடுத்தார். இலை போட்டாயிற்று, வாங்க என்று கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

ஒருவர் எழுந்தார் என்றால் எழுந்து குதித்திருக்க வேண்டும். சொன்னதும் உட்கார்ந்துவிட்டால் அதை எழுந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. வடிவம் முடியவில்லை என்றால் பூஜ்யம், நான் வகுப்பில் சொல்வதுதான். யுவஸ்ரீயை நான்தான் கொன்றேன், அதற்கு எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இது ஒன்றை மட்டும் நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. இரண்டு தடவையும் யாரும் எழுந்திருக்கவில்லை.